கால்பந்து மைதானத்துக்கு மின்னொளி: திட்டமிடுவதிலிருந்து கடன் அடைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கமிட்டிக் கூட்டத்தில் யாராவது "நாமும் ஃப்ளட்லைட் போட்டுவிடலாம்" என்று பேச்சை எடுத்தால் போதும், அடுத்த வாரமே நாலைந்து விளக்குக் கம்பெனிகளின் கொட்டேஷன் மேஜைக்கு வந்துவிடும். எத்தனை வாட், எத்தனை வருட வாரண்டி என்று அலசல் தொடங்கும். கடைசியில் எடுக்க வேண்டிய முடிவை முதலில் எடுக்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த வேலையிலேயே சுலபமானது விளக்கைத் தேர்ந்தெடுப்பதுதான். பணமும் மாதங்களும் கரைவது தரைக்குக் கீழே: அஸ்திவாரம், கேபிள் பள்ளம், மின் இணைப்பு. அப்புறம் அனுமதிக் காகிதங்கள். அதனால் இங்கே கீழிருந்து மேலே போகிறோம்.

படி 1: எத்தனை லக்ஸ் வேண்டும்?

தரையில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ். விளையாட்டு ஒளியமைப்புக்கு ஐரோப்பாவில் இஎன் 12193 என்ற தரநிலை இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியிலும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். கால்பந்துக்கு அதில் மூன்று வகுப்புகள். பயிற்சிக்கும் சாதாரண ஆட்டங்களுக்கும் சராசரி 75 லக்ஸ், நடுத்தரப் போட்டிகளுக்கு 200, உயர்மட்டப் போட்டிகளுக்கு 500. அரைத்தொழில்முறை கிளப்புகள் பெரும்பாலும் நடு வகுப்பை ஒட்டித்தான் வரும். ஆனால் உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் லீகின் விதிப்புத்தகம். அதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பக்கத்திலேயே சீர்மை என்று இன்னொரு எண் இருக்கும். மைதானத்தின் மிக இருண்ட புள்ளியைச் சராசரியால் வகுத்தால் வருவது அது. இஎன் 12193 நடு வகுப்புக்கு 0.6 கேட்கிறது. சராசரி 200 என்றால் எந்த மூலையிலும் 120க்குக் குறையக் கூடாது. சராசரி 260 இருந்தும் ஒரு கார்னரில் 70 மட்டும் விழுந்தால் சீர்மை 0.27தான், அந்த மைதானம் தேறாது. சில விதிப்புத்தகங்கள் சராசரிக்குப் பதிலாக மிகப் பிரகாசமான புள்ளியோடு ஒப்பிடும். இரண்டும் வேறு வேறு கணக்கு. எது கேட்கப்படுகிறது என்று லீகிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு படி மேல் டிவிஷனுக்கு ஏறினால் எவ்வளவு கேட்பார்கள் என்பதையும் இப்போதே விசாரியுங்கள். அந்த அளவு விளக்கை இன்றே வாங்க வேண்டாம். கம்பமும் அஸ்திவாரமும் கேபிளும் அதைத் தாங்குமாறு வடிவமைத்துவிட்டால், பின்னால் விளக்கைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் விட்டால் மறுபடியும் தோண்ட வேண்டிவரும்.

படி 2: நிலமும் அனுமதியும் அக்கம்பக்கமும்

மைதானம் கிளப்பின் சொந்த நிலமா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம் மிச்சம்? மானியம் தருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். ஐந்து வருடக் குத்தகையில் 25 வருடம் நிற்கப்போகிற கம்பத்தை நடக் கூடாது. குத்தகையை நீட்டிக்கும்போதே, கம்பமும் விளக்கும் யாருக்குச் சொந்தம், கிளப் வெளியேறினால் கழற்றிக்கொண்டு போகலாமா என்பதையும் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து கட்டட அனுமதி. உள்ளாட்சி அதிகாரிகள் பார்ப்பது இரண்டு விஷயம்: கம்பத்தின் உயரம், வெளியே சிதறும் ஒளி. இரண்டாவதற்கு சர்வதேச ஒளியியல் ஆணையமான சிஐஇ வெளியிட்ட 150ஆம் எண் வழிகாட்டி அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அது சுற்றுப்புறத்தை மண்டலங்களாகப் பிரிக்கிறது. வீட்டு ஜன்னலில் விழலாம் என்று அது அனுமதிக்கும் வெளிச்சம் கிராமப்புறத்தில் 5 லக்ஸ், புறநகரில் 10, நகர மையத்தில் 25. இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் இது முறையே 1, 2, 5 என்று இறங்கும். விளக்குக் கம்பெனியிடம் ஒளிச்சிதறல் வரைபடம் கேட்டால், பக்கத்து வீடுகளின் ஜன்னலில் எவ்வளவு விழும் என்று எண்ணாகவே காட்டுவார்கள். அது இல்லாத விண்ணப்பம் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

விண்ணப்பம் போடும் முன்பே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர் கோபத்தோடு ஆட்சேபணை எழுதுவார். அவரையே வீட்டுக்குப் போய், "வாரத்துக்கு இத்தனை இரவு, இத்தனை மணிக்கு அணைத்துவிடுவோம்" என்று கேட்டால், பெரும்பாலும் நேரத்தைப் பற்றித்தான் பேரம் பேசுவார். மைதானத்தை ஒட்டி மரவரிசையோ நீர்நிலையோ இருந்தால் வௌவால், பறவை குறித்த ஆய்வு கேட்கப்படலாம். அத்தகைய ஆய்வைச் சில பருவங்களில் மட்டுமே செய்ய முடியும் என்பதால், தவறவிட்டால் ஒரு வருடமே போய்விடும்.

படி 3: மின்சாரம் எங்கிருந்து வரும்?

விளக்குக்கு முன்னால் மின் விநியோக நிறுவனத்துக்கு எழுதுங்கள் என்று நான் யாரிடம் சொன்னாலும், எத்தனை கிலோவாட் என்று தெரியாமல் எப்படி எழுதுவது என்பார்கள். தோராயமாக இப்போதே கணக்குப் போடலாம்.

105 மீட்டருக்கு 68 மீட்டர் மைதானம் என்றால் பரப்பு 7,140 சதுர மீட்டர். 200 லக்ஸ் வேண்டுமென்றால் தரையில் 14.28 லட்சம் லூமென் விழ வேண்டும் (விளக்கு தரும் ஒளியின் அளவுதான் லூமென்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ்). விளக்கிலிருந்து கிளம்புவதில் ஒரு பங்கு மைதானத்துக்கு வெளியே போய்விடும். உள்ளே விழுவது 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தூசியாலும் வயதாலும் ஒளி குறைவதற்கு எல்இடிக்கு 0.9; இதைப் பராமரிப்புக் காரணி என்பார்கள். 14.28ஐ இந்த இரண்டாலும் வகுத்தால் ஏறக்குறைய 29 லட்சம் லூமென். ஒரு வாட்டுக்கு 130 லூமென் தரும் எல்இடி என்றால் 22 கிலோவாட். 400 வோல்ட் மும்முனை இணைப்பில் இது ஒரு பேஸுக்கு 33 ஆம்பியர் அளவில் வரும். இது இறுதிக் கணக்கு இல்லைதான், ஆனால் மின் நிறுவனத்திடம் கேள்வி கேட்க இது போதும்.

இப்போதுள்ள இணைப்பில், கிளப் கட்டடத்தின் ஹீட்டர், பம்ப் எல்லாம் ஓடும்போது மிச்சம் எவ்வளவு என்று ஒரு மின் பொறியாளரை வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் இணைப்பை உயர்த்த வேண்டும். கேபிளை மட்டும் மாற்றினால் போதும் என்றால் சரி. புது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று வந்தால் மொத்தக் கணக்கே மாறிவிடும். சில இடங்களில் விளக்குகளின் விலையையே அது எட்டிவிடும். பல கட்டண முறைகளில் அனுமதிக்கப்பட்ட லோடுக்கு ஏற்ப மாதாமாதம் நிலையான கட்டணமும் உண்டு. ஆட்டமே இல்லாத மாதத்திலும் அதைக் கட்ட வேண்டும்.

பேனலிலிருந்து தூரத்துக் கம்பம் 150 மீட்டர் தள்ளி இருக்கலாம். வோல்டேஜ் குறையாமல் போய்ச் சேரக் கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். எல்இடி டிரைவர்கள் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டிகள்) ஆன் ஆகும் கணத்தில், ஒரு நொடிக்கும் குறைவான நேரம், பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். எல்லாக் கம்பத்தையும் ஒரே ஸ்விட்சில் போட்டால் பிரேக்கர் விழும். ஒன்றன்பின் ஒன்றாக ஆன் ஆகும்படி அமைக்கச் சொல்லுங்கள். 1956 பிப்ரவரி 22 அன்று போர்ட்ஸ்மத்தின் ஃப்ராட்டன் பார்க்கில் இங்கிலாந்து லீகின் முதல் மின்னொளி ஆட்டம் நடந்தபோது, ஃபியூஸ் போனதால் ஆட்டம் அரைமணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. எழுபது வருடமாகியும் ஆட்ட நாளன்று பழுதாவது பெரும்பாலும் இந்த ஃபியூஸ், பிரேக்கர் பெட்டிதான்.

கேபிளுக்குப் பள்ளம் தோண்டும்போதே கூடுதலாக ஒரு காலிக் குழாயையும் புதைத்துவிடுங்கள். கேமராவோ ஒலிபெருக்கியோ ஸ்கோர்போர்டோ என்றாவது வரும். அன்றைக்குப் புல்லைக் கிழிக்க வேண்டாம்.

படி 4: கம்பம் எங்கே, எவ்வளவு உயரம்?

நாலு மூலையில் நாலு உயரமான கோபுரம் என்பதுதான் எல்லோர் மனதிலும் உள்ள படம். பார்க்க அழகுதான். ஆனால் சிறிய கிளப்புக்கு அது பெரும்பாலும் தப்பான தேர்வு. ஏன் என்று கணக்கே சொல்லும்.

வீரரின் கண்ணில் ஒளி நேராகக் குத்தாமல் இருக்க, மைதானத்தின் நடுவிலிருந்து பார்த்தால் விளக்குகள் தரைமட்டத்துக்கு மேல் 25 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. கம்பத்தைப் பக்கக்கோட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி வைத்தால், மைதானத்தின் நீளவாட்டு நடுக்கோட்டிலிருந்து அது 40 மீட்டர். 25 டிகிரிக்கு உயரம் 18.7 மீட்டர். பயிற்சி அளவு போதும், 20 டிகிரிக்கு ஒத்துக்கொள்கிறோம் என்றால் 14.6 மீட்டர்.

மூலைக் கோபுரத்துக்கு இதையே போடுங்கள். கோல் கோட்டுக்கு 11 மீட்டர் பின்னால், பக்கக்கோட்டுக்கு 6 மீட்டர் வெளியே என்றால் நடுப்புள்ளியிலிருந்து 75 மீட்டர். 25 டிகிரிக்கு 35 மீட்டர் உயரம் வேண்டும். ஏறத்தாழ இரண்டு மடங்கு. உயரம் இரண்டு மடங்கானால் அடியில் விழும் காற்றழுத்த முறுக்கு அதைவிட அதிகமாகும், அஸ்திவாரமும் அதற்கேற்ப வளரும். அதனால்தான் பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு என மொத்தம் ஆறு அல்லது எட்டுக் கம்பங்களை வரிசையாக நடும் முறையைப் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். சீர்மையும் அதில் எளிதாகக் கிடைக்கும். பார்வையாளர் அரங்கின் கூரை குறுக்கே நிழல் விழச் செய்கிறதா, ரசிகர்களின் பார்வையைக் கம்பம் மறைக்கிறதா என்பதை மட்டும் நேரில் நடந்து பாருங்கள்.

ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். கோலின் நடுவிலிருந்து கோல் கோட்டின் நீளவாக்கில் பார்த்தால், அந்தக் கோட்டுக்கு இருபுறமும் 15 டிகிரிக்குள் விளக்கு இருக்கக் கூடாது. கார்னர் கிக் வரும்போது கோல்கீப்பர் பந்தைப் பார்க்கும் திசை அதுதான். 6 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பத்துக்கு இது கோல் கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 11 மீட்டர் தூரம். வரைபடம் வந்ததும் உங்கள் கோல்கீப்பரிடம் காட்டுங்கள், கமிட்டியில் யாருக்கும் தோன்றாத கேள்வியை அவர் கேட்பார்.

படி 5: மண்ணும் கம்பமும்

மண் பரிசோதனைக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். பல மைதானங்கள் பழைய குப்பைமேட்டிலும் நிரப்பிய குளத்திலும் உருவானவை. பரிசோதனை இல்லாமல் கொடுக்கப்படும் விலையில் "மண்ணின் தன்மையைப் பொறுத்து" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். தோண்டத் தொடங்கிய பிறகு அந்த வரிதான் பில்லாக வரும்.

கம்பத்தில் ஏறாமலே பராமரிக்க, அடியிலோ நடுவிலோ கீல் வைத்துச் சாய்க்கும் வகை உண்டு. விலை கொஞ்சம் கூடும். நிலையான கம்பம் என்றால் ஒவ்வொரு முறையும் தூக்கு மேடை வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த வண்டி புல்தரைக்கு என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள். வண்டி போக வழியில்லாத மைதானத்துக்கு நான் யோசிக்காமல் சாய்க்கும் கம்பத்தைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே பழைய கம்பம் இருந்து விளக்கை மட்டும் மாற்றுகிறீர்களா? எல்இடி விளக்கின் எடையும் காற்றை எதிர்க்கும் பரப்பும் பழையதைவிட அதிகமாக இருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடாமல் மாட்டாதீர்கள். துரு வெளியே தெரியும் இடத்தைவிட, தரையோடு சேரும் இடத்தில்தான் ஆபத்து.

படி 6: இப்போது விளக்கு

புதிதாகப் போடுகிறவர்கள் எல்இடிதான் போடுவார்கள், அதில் விவாதமில்லை. ஆனால் விற்பனையாளர் சொல்லும் காரணத்தை அப்படியே நம்ப வேண்டாம். "மின்கட்டணத்திலேயே காசு திரும்பிவிடும்" என்பார். பாருங்கள்: எல்இடிக்கு முன்பு மைதானங்களில் வழக்கமாக இருந்த 2,000 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு ஏறத்தாழ 2 லட்சம் லூமென் தரும், பராமரிப்புக் காரணியை 0.75 என்று எடுத்தால் நம் மைதானத்துக்குப் பதினெட்டு விளக்கு வேண்டும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்டில் ஏற்படும் இழப்போடு 38 கிலோவாட். எல்இடியின் 22ஐக் கழித்தால் மிச்சம் 16. வாரம் 9 மணி நேரம், வருடத்தில் 40 வாரம் எரித்தால் 360 மணி. மிச்சமாவது 5,760 யூனிட். உங்கள் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். நாள் முழுதும் எரியும் தொழிற்சாலைக்குப் பொருந்துகிற வாதம், வருடத்துக்கு 360 மணி எரியும் மைதானத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

எல்இடியின் உண்மையான லாபம் வேறு. மெட்டல் ஹாலைடு சூடாகி முழு வெளிச்சம் தரச் சில நிமிடம் எடுக்கும். ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால், குளிர்ந்து மறுபடி எரியப் பத்துப் பதினைந்து நிமிடம். எல்இடி உடனே எரியும். பயிற்சிக்குப் பாதி வெளிச்சம் போதும் என்றால் சீராகவே குறைத்துக்கொள்ளலாம். சில வருடத்துக்கு ஒருமுறை பல்பு மாற்ற ஏற வேண்டியதில்லை.

"50,000 மணி ஆயுள்" என்பதும் அப்படித்தான். 360 மணி கணக்கில் அது 138 வருடம்! உங்கள் விளக்கில் முதலில் போகப்போவது எல்இடி சிப் இல்லை. டிரைவரும், மின்னலில் அடிவாங்கும் மின்னணுப் பகுதிகளும், தண்ணீர் புகும் ரப்பர் வளையமும்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள்: டிரைவர் கம்பத்தின் உச்சியிலா, கைக்கெட்டும் உயரத்திலா? சர்ஜ் பாதுகாப்பு (மின்னலால் திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுப்பது) ஒவ்வொரு கம்பத்திலும் உண்டா? எர்த்திங்கை அளந்து தருவார்களா? பத்து வருடம் கழித்து அதே டிரைவர் கிடைக்காவிட்டால் வேறு கம்பெனியுடையதைப் போட முடியுமா?

நிற வெப்பநிலைக்கு (எண் குறைந்தால் ஒளி மஞ்சள் சாயும், கூடினால் நீலம் சாயும்) 4,000 முதல் 5,700 கெல்வின் வரை புழக்கத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வீடுகளோ வௌவால்களோ இருந்தால் கீழ்ப்பக்கமாகப் போங்கள். வடிவமைப்பில் கணக்கிட்டுக் காட்டும் கண்கூச்ச அளவு (கிளேர் ரேட்டிங்) 50ஐத் தாண்டக் கூடாது.

படி 7: கொட்டேஷன்களை ஒப்பிடுவது

மூன்று பேரிடம் கேளுங்கள், ஆனால் மூன்று பேருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள்: மைதான அளவு, கம்ப இடம், பராமரிப்புக் காரணி, சராசரி, சீர்மை, ஜன்னல் வரம்பு. இதைச் சொல்லாமல் விட்டால் ஒருவர் 0.95 என்று பராமரிப்புக் காரணியை எடுத்துக்கொண்டு விளக்கைக் குறைத்து மலிவாகக் காட்டுவார், இன்னொருவர் 0.8 எடுத்து நேர்மையாகத் தோற்றுப்போவார். வாய்ப்பிருந்தால் அவர்கள் மூன்று நான்கு வருடம் முன்பு போட்ட மைதானத்துக்கு இரவில் போய், அங்குள்ள பராமரிப்பாளரிடம் பேசுங்கள்.

படி 8: பணம்

மொத்தச் செலவில் கமிட்டிகள் வழக்கமாக மறப்பவை: மண் பரிசோதனை, வடிவமைப்புக் கட்டணம், அனுமதிக் கட்டணம், மின் இணைப்பு உயர்வு, தோண்டிய புல்லைச் சரிசெய்வது, வரி, காப்பீட்டு உயர்வு. இவற்றுக்கு மேல் எதிர்பாராச் செலவுக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம்.

கால்பந்துச் சங்கங்கள், விளையாட்டு வாரியங்கள், உள்ளாட்சிகள் மானியம் தருவதுண்டு. நிபந்தனைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: நீண்ட குத்தகை, கிளப்பின் சொந்தப் பங்கு, மூன்று கொட்டேஷன், இளையோர் அல்லது பெண்கள் அணிகளுக்கும் பயன். ஒப்புதல் கடிதம் வரும் முன் வேலையைத் தொடங்கினால் மானியம் கிடைக்காமல் போகலாம். முன்பணம் கொடுத்ததையே தொடங்கியதாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

கிளப்புகள் மூச்சுத் திணறுவது இன்னொரு இடத்தில். திட்டம் 100 பங்கு, மானியம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 சேர்த்தால் போதும் என்று தோன்றும். ஆனால் மானியம் பெரும்பாலும் பில் கட்டி ரசீது காட்டிய பிறகுதான் வரும். நடுவே சில மாதம் முழு 100ஐயும் கிளப்தான் சுமக்க வேண்டும். இடைக்காலக் கடனுக்கு முன்பே பேசி வையுங்கள், வட்டியையும் திட்டச் செலவில் எழுதுங்கள். உறுப்பினர்களிடம் வட்டியில்லாக் கடன் வாங்குவதாக இருந்தால் திருப்பித் தரும் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையில் வாங்கியது அடுத்த தேர்தலில் கிளப்பையே இரண்டாக்கும்.

சொந்தப் பங்குக்குக் கம்பத்துக்கொரு புரவலர் என்று கேட்பது பலன் தரும். ஆட்களுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளுக்குக் கொடுக்கப் பிடிக்கும். கேபிள் பள்ளத்துக்கு யாரும் பெயர்ப்பலகை கேட்பதில்லை, அதைப் பொது நிதியில் போடுங்கள்.

விளக்குக் கம்பெனியே தவணைத் திட்டம் தரலாம். மாதத் தவணையைப் பார்க்காமல் மொத்தம் கட்டுவதைப் பாருங்கள். தவணை முடியும்வரை விளக்கு யாருக்குச் சொந்தம், ஒரு தவணை தவறினால் தொலைவிலிருந்தே அணைத்துவிடும் உரிமை அவர்களுக்கு உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள்.

ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பதை வேலைக் கட்டங்களோடு கட்டுங்கள்: அஸ்திவாரம் முடிந்ததும், கம்பம் நின்றதும், விளக்கு எரிந்ததும், லக்ஸ் அளவு தேறியதும். கடைசி 5 சதவீதத்தை ஒரு வருடம் பிடித்து வைப்பது கட்டுமானத்தில் வழக்கம்தான், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அப்புறம் ஓட்டும் செலவு. மின்சாரத்தின் நிலையான கட்டணம், வருடாந்திரச் சோதனை, விளக்குகளின் விலையில் இருபதில் ஒரு பங்கு மாற்று நிதி, மூன்றையும் கூட்டி 360ஆல் வகுங்கள். அதோடு ஒரு மணி நேரத்துக்கு எரியும் யூனிட்டின் விலையைச் சேருங்கள். மைதானத்தை வெளி அணிகளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டால் இதற்குக் கீழே போகக் கூடாது. மாற்று நிதியை ஆட்டக்காரர் சம்பளக் கணக்கிலிருந்து தனியாக, இரண்டு கையெழுத்து கேட்கும் வங்கிக் கணக்கில் வையுங்கள். சீசன் நடுவில் நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருவர் கிடைக்கிறார் என்று யாராவது சொல்லும் நாள் கட்டாயம் வரும்.

படி 9: அளந்து வாங்குவது

நிலவில்லாத, மழையில்லாத இரவில், விளக்கு எரிந்து நிலைத்த பிறகு அளக்க வேண்டும். நீளத்துக்கு 11, அகலத்துக்கு 8 என்று 88 புள்ளிகளில் லக்ஸ் மீட்டரைத் தரையோடு படுக்கையாக வைத்து அளக்கும் முறை பரவலாக இருக்கிறது; உங்கள் லீக் வேறு எண்ணிக்கை சொன்னால் அதன்படி. மீட்டரின் அளவுத்திருத்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி ஆள் அளக்கும்போது கிளப்பின் ஆள் ஒருவர் கூடவே நடந்து எண்களைத் தனியாக எழுதட்டும். இருண்ட புள்ளி வந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு விளக்கின் சாய்வைத் திருத்தினாலே சரியாகும். தூக்கு வண்டி திரும்பிப் போகும் முன் அதைச் செய்யச் சொல்லுங்கள். அதே இரவில் பக்கத்து வீட்டு ஜன்னலிலும் அளந்து அந்த வீட்டுக்காரரிடம் ஒரு நகல் கொடுங்கள்.

88 எண்களும் எழுதிய தாளை லேமினேட் செய்து பேனல் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஒவ்வொரு சீசன் தொடங்கும் முன்னும் கண்ணாடியைத் துடைத்து, போல்ட்டுகளையும் எர்த்திங்கையும் பார்த்து, அதே புள்ளிகளில் அளந்து, புது எண்களைப் பழையதற்குப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள்.